கிராக் சாப்ட்வேரும் அடுத்தவங்க பாஸ்வேர்டும்: ரங்கூன்ல சர்வீஸ் கடை வச்சு நான் பாத்தது

ரங்கூன் டவுன்டவுன்ல கம்ப்யூட்டர், போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், ரொம்ப வருஷமா. வர்றவங்கள்ல பாதிப்பேர் நம்ம ஆளுங்க, காளி கோயில் பக்கம் குடியிருக்கவங்க, மொகல் ஸ்ட்ரீட் நகைக்கடைக்காரங்க, அச்சகம் வச்சிருக்கவங்க, டியூஷன் எடுக்குறவங்க. மீதி பர்மாக்காரங்களும் சீனாக்காரங்களும். வந்ததும் அதிகமா கேக்குறது "கிராக் போட்டுக் குடுப்பீங்களா"ங்கறதுதான், அதாவது காசு குடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேரோட பூட்ட ஒடச்சு சும்மா போட்டுக் குடுக்கறது. மாட்டேன்னு சொன்னா சிலபேர் கோச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுறாங்க, சிலபேர் நின்னு "இந்த ஊர்ல யாரு தம்பி காசு குடுத்து வாங்குறா"ன்னு நியாயம் கேக்குறாங்க. அவங்க கேக்குறதுலயும் விஷயம் இருக்கு, அதனால ஒரு வார்த்தையில பதில் சொல்லி முடிக்க முடியல, நான் பாத்ததையெல்லாம் விரிவா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல நம்ம ஊர் நிலமை. அமெரிக்கத் தடை இருந்த காலத்துல இங்க சாதாரண ஆளுங்க கையில வெளிநாட்டுல செல்லுற கார்டே கிடையாது. 2012 கடைசியிலதான் மாஸ்டர்கார்டு இங்க ஏடிஎம்ல வேலை செய்ய ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி ஒருத்தன் நேர்மையா காசு குடுத்து சாப்ட்வேர் வாங்கணும்னு நெனச்சாலும் எங்க போயி எப்படிக் கட்டுவான்? பிளாட்பாரத்துல சிடி வித்தாங்க, அதுல விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஒரே தட்டுல இருக்கும், அதத்தான் எல்லாரும் போட்டாங்க. பான்சோடான் தெருவுல ஜெராக்ஸ் எடுத்துத் தச்ச இங்கிலீஷ் புத்தகத்த வச்சுப் படிச்சு டாக்டர் ஆனவங்க, இன்ஜினியர் ஆனவங்க இந்த ஊர்ல நெறைய பேர். சட்டமும் அப்படித்தான் இருந்துச்சு, வெள்ளக்காரன் 1914-ல போட்ட காப்பிரைட் சட்டம்தான் நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, புதுச் சட்டம் 2019 மே மாசம் போட்டாங்க, அது நடைமுறைக்கு வந்தது 2023 அக்டோபர் 31-ல. உலக வர்த்தக அமைப்போட அறிவுசார் சொத்து ஒப்பந்தத்துலயே ஏழை நாடுங்களுக்கு 2034 ஜூலை வரைக்கும் அவகாசம் குடுத்திருக்காங்க, பர்மாவும் அந்த லிஸ்ட்லதான் இருக்கு. அதனால அந்தக் காலத்துல காப்பி சிடி போட்டு டைப்பிங் கத்துக்கிட்ட பையன நான் திருடன்னு சொல்ல மாட்டேன், யாராவது சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா அந்த நியாயம் எல்லாத்துக்கும் செல்லாது. இதை எனக்குப் புரிய வச்சது எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு நடந்தது. இங்க தங்கம் எடை போடுறது கிராம்ல இல்லங்கறது வெளிய இருக்கவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சாட்டா, பே, யுவேன்னு கணக்கு, ஒரு சாட்டாவுக்கு 16 பே, ஒரு பேவுக்கு 8 யுவே. வெளிநாட்டு பில்லிங் சாப்ட்வேர் எதுலயும் இந்தக் கணக்கு உக்காராது. இந்தப் பையன் ராத்திரி ராத்திரி முழிச்சு, கரண்ட் வர்ற நேரம் பாத்து, நகைக்கடைக்குன்னே ஒரு பில்லிங் சாப்ட்வேர் எழுதுனான். சேதாரம், கூலி, பழைய நகைக்குக் கழிக்கிறது, எல்லாம் யுவே வரைக்கும் சரியா வரும், பில்லு பர்மா எழுத்துலயும் வரும். மொதல்ல ஒரு கடைக்காரர் வாங்குனாரு. அப்புறம் அந்தக் கடையில வேலை பாத்த ஆளு பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போயி மச்சான் கடையில போட, அங்கேருந்து அடுத்த கடை, அப்படியே அந்த வரிசை முழுக்கப் பரவிடுச்சு. காசு குடுத்தது ஒரே ஒரு கடை. தங்க விலை ஏத்துற எடத்துல ஒரு தப்பு வந்தப்ப எல்லாரும் அவனுக்குத்தான் போன் போட்டாங்க, காசு குடுக்காதவங்களும் "ஏம்ப்பா உன் சாப்ட்வேர் தப்பாக் காட்டுது"ன்னு சத்தம் போட்டாங்க. அவன் கொஞ்ச நாள் பாத்தான், அப்புறம் சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டான். இப்ப அந்த சாப்ட்வேர சரி பண்ண ஆள் இல்ல, மறுபடி நோட்டுல எழுதுறாங்க.

இதுல தடை இல்ல, கார்டு பிரச்சனை இல்ல, விலையும் ஒரு சாட்டா தங்கத்துக்குப் பக்கத்துலகூட வராது, எழுதுனவன் பக்கத்துத் தெருவுல இருக்கான், நேர்ல போயி காசக் குடுக்கலாம். அப்பவும் குடுக்கல. பழக்கம் அவ்வளவு ஊறிப்போச்சு. பெரிய கம்பெனிக்குக் காசு குடுக்க வழியில்லாம ஆரம்பிச்ச பழக்கம் நம்ம வீட்டுப் பையன் உழைப்புல வந்து நின்னுடுச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில ஒரு கடிதம் எழுதுனாரு, அல்டேர்னு ஒரு கம்ப்யூட்டருக்கு அவங்க எழுதுன பேசிக் மொழிய எல்லாரும் காப்பி எடுத்துக்கிட்டாங்க, காசு வராம யாரு இப்படி ஒரு வேலைய ஒழுங்காச் செய்வான்னு அதுல கேட்டிருந்தாரு. பணக்காரர் கேட்ட கேள்வின்னு ஒதுக்கிடாதீங்க, அன்னிக்கு அவருக்கு இருபது வயசு, கம்பெனி அப்பத்தான் ஆரம்பிச்சது, எங்க தெருப் பையன் நிலமதான் அவருக்கும். இன்னொரு பக்கம் ரிச்சர்ட் ஸ்டால்மன்னு ஒரு அமெரிக்க புரோகிராமர் 1983-ல குனூன்னு ஒரு வேலைய ஆரம்பிச்சாரு, எல்லாரும் காப்பி எடுக்கலாம், மாத்தலாம், பங்கு போடலாம்னு செஞ்சவங்களே விருப்பத்தோட குடுக்குற சாப்ட்வேர். ரெண்டு பேரும் எதிரெதிர்னு பேசுவாங்க. நான் பாக்குறது வேற, ரெண்டுலயும் செஞ்சவன் சம்மதம்தான் நடுவுல நிக்குது. ஒருத்தர் காசு குடுத்து எடுங்கறாரு, ஒருத்தர் சும்மா எடுத்துக்கோங்கறாரு, சொல்றது செஞ்சவரு. அதனால எந்த வேலை வந்தாலும் நான் ரெண்டு கேள்விதான் கேட்டுப் பாக்குறேன், இது யாரோடது, அவங்களுக்குத் தெரிஞ்சா சரின்னு சொல்லுவாங்களா. எந்த சட்டப் புத்தகத்த விடவும் இந்தக் கேள்வி எனக்குக் கைகுடுக்குது.

இந்தக் கேள்விய கம்பெனிக்காரங்களப் பாத்தும் கேக்கலாம். 2005-ல சோனி பிஎம்ஜி பாட்டு சிடியப் போட்டா கம்ப்யூட்டருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு உக்காருற ஒரு புரோகிராம் தானா ஏறுச்சு, காப்பி எடுக்குறதத் தடுக்குறோம்னு சொல்லி செஞ்ச வேலை, காசு குடுத்து சிடி வாங்குனவன் கம்ப்யூட்டர்லயே ஓட்டை விழுந்துச்சு, அதப் பயன்படுத்தி வைரசும் வந்துச்சு. கேஸ் ஆச்சு, சிடியெல்லாம் திருப்பி எடுத்தாங்க. வாங்குனவனுக்குத் தெரிஞ்சா சம்மதிச்சிருப்பானா? பைரசியத் தடுக்குறேன்னு செஞ்சாலும் அது ஹேக்கிங்தான்.

இப்ப அச்சகத்துக்காரர் கதைக்கு வர்றேன், இதுதான் நான் எல்லாருக்கும் சொல்ற கதை. நம்ம ஆளு, கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு, கடை பில் புக்கு, தமிழ்லயும் பர்மாவுலயும் இங்கிலீஷ்லயும் அடிக்கிறவரு. கோவிட் அடங்கி தொழில் கொஞ்சம் எழுந்த நேரம். அவர்கிட்ட டிசைன் பண்ற தம்பி டிசைன் சாப்ட்வேரோட சேக்குற ஒரு எபெக்ட் பிளகின் வேணும்னு நெட்ல தேடி கிராக் எறக்கியிருக்கான், கூட வந்த குறிப்புல "ஆன்டிவைரச ஆப் பண்ணிட்டு ஓட்டவும்"னு இருந்துருக்கு, அப்படியே செஞ்சிருக்கான். திரையில விண்டோஸ் அப்டேட் ஓடுற மாதிரி ஒரு சின்னப் பெட்டி வந்துச்சாம், சரி அப்டேட்தானேன்னு டீ குடிக்கப் போயிட்டான். அந்தப் பெட்டி போலி. பின்னாடி ஒவ்வொரு பைலா பூட்டிக்கிட்டே போயிருக்கு. திரும்பி வந்து பாத்தா எல்லா பைல் பேருக்குப் பின்னாடியும் புதுசா நாலு எழுத்து ஒட்டிருக்கு, ஒவ்வொரு போல்டர்லயும் ரீட்மீன்னு ஒரு டெக்ஸ்ட் பைலு, 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள்ள பேசுனா பாதி, 490.

எனக்குப் போன் வந்தப்ப "தம்பி, ஆடி மாசத்து வேலை பூராவும் அதுக்குள்ள இருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு, குரல் நடுங்குச்சு. போயிப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு, ஸ்டாப் டிஜேவுன்னு ஒரு ரான்சம்வேர் குடும்பம், அதாவது பைலப் பூட்டிட்டுப் பணம் கேக்குற வைரஸ், கிராக், கீஜென் (போலி கீ எடுத்துக் குடுக்குற புரோகிராம்) வழியாவே அதிகம் பரவுறது. இதுல ரெண்டு விதமாப் பூட்டும். நெட் கிடைக்காதப்ப உள்ளயே வச்சிருக்க, எல்லாருக்கும் ஒரே மாதிரியான சாவியப் போட்டுப் பூட்டும், அப்ப அந்த ரீட்மீல இருக்க ஐடி கடைசியில டி1 (t1)-ன்னு முடியும், எம்சிசாஃப்ட் கம்பெனி இலவசமாக் குடுக்குற டூல் அதுல பலத தெறக்கும். நெட் இருந்தா உங்க மிஷினுக்குன்னு தனிச் சாவி எடுத்துட்டு வந்துடும், அது அவங்க கையிலதான். இவருக்கு டி1 இல்ல. எத்தனை தடவ பாத்தாலும் அந்த ரெண்டு எழுத்து வரல.

மீட்டது கொஞ்சம்தான். இந்த வகை ஒவ்வொரு பைல்லயும் ஆரம்பத்துல சுமார் 150 கேபி மட்டும்தான் பூட்டும், அதனால பெரிய வீடியோ, பாட்டு பைலுங்கள ரிப்பேர் டூல் வச்சு ஓரளவு எடுக்கலாம், கல்யாண வீடியோ ரெண்டு மூணு அப்படித்தான் வந்துச்சு. பத்திரிகை டிசைன் பைலெல்லாம் சின்னது, அது போனது போனதுதான். கஸ்டமருக்கு புரூப் பாக்கன்னு வைபர்ல அனுப்பியிருந்த படங்கள வச்சு தம்பி மறுபடி உக்காந்து அடிச்சான். பணம் கட்டிடலாமான்னு அச்சகத்து அண்ணன் கேட்டாரு, வேணாம்னேன், கட்டுனா சாவி வரும்னு எந்த உறுதியும் இல்ல, அந்தக் காசுல அடுத்த ஊர்ல இன்னொரு அச்சகத்தப் பூட்டுவானுங்க.

இன்னொன்னு பலபேர் கவனிக்கிறதில்ல. இந்த வைரஸ் கூடவே பாஸ்வேர்ட் திருடுற புரோகிராமும் அடிக்கடி வரும். பைல் போன சோகத்துல எல்லாரும் அத மறந்துடுறாங்க. அன்னிக்கே வேற நல்ல போன்லேருந்து மெயில், பேஸ்புக், பேங்க் ஆப்பு பாஸ்வேர்டெல்லாம் மாத்த வச்சேன். உங்களுக்கு இப்படி ஆனா மொதல்ல நெட் கேபிளப் புடுங்குங்க, எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டியிருந்தா கழட்டுங்க, ரீட்மீ பைலையும் பூட்டுன பைலுங்களையும் அழிச்சுடாதீங்க, பின்னால சாவி வெளிய வந்தா தெறக்க அது வேணும், அப்புறம் பாஸ்வேர்ட் மாத்துங்க. டிஸ்க்க பார்மட் பண்றதெல்லாம் கடைசி.

கிராக் போட்டவங்க இன்னொரு தப்பான வேலையும் செய்வாங்க, அப்டேட் வந்தா கிராக் போயிடும்னு விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்தி வச்சிருவாங்க. 2017 மே 12 வானாகிரைன்னு ஒரு ரான்சம்வேர் வந்தப்ப 150 நாட்டுக்கு மேல அடி வாங்குச்சு, அது நுழைஞ்ச விண்டோஸ் ஓட்டைய மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லயே அடைச்சு அப்டேட் விட்டிருந்துச்சு, அப்டேட் போட்டவங்க தப்பிச்சாங்க. இத்தனைக்கும் அந்த ஓட்டைய மொதல்ல கண்டுபிடிச்சு யாருக்கும் சொல்லாம வச்சிருந்தது அமெரிக்க உளவுத்துறை என்எஸ்ஏ, அங்கேருந்து களவு போயித்தான் இப்படி ஆச்சு. ஓட்டையக் கண்டுபிடிச்சா சம்பந்தப்பட்டவங்ககிட்ட மொதல்ல சொல்லணும், சரிபண்ண நேரம் குடுக்கணும், கூகுள்ல ஓட்டை தேடுற புராஜெக்ட் ஜீரோ டீம் 90 நாள் குடுக்குற மாதிரி. எங்கிட்ட வேலை கத்துக்க வர்ற பசங்களுக்கு மார்கஸ் ஹட்சின்ஸ் பத்தி சொல்லுவேன். வானாகிரைய நிறுத்துனது அவருதான், 22 வயசுப் பையன், அந்த வைரஸ் தேடிப்போன ஒரு டொமைன் பேர, அதாவது வெப்சைட் முகவரிய, யாரும் வாங்காம இருக்கறதப் பாத்து பத்து டாலர் சொச்சத்துக்கு பதிவு பண்ணாரு, பரவுறது நின்னுடுச்சு. அதே ஆளு அதுக்கு முன்னாடி சின்ன வயசுல பேங்க் பாஸ்வேர்ட் திருடுற புரோகிராம் எழுதுனதுக்காக அதே வருஷம் அமெரிக்காவுல கைதானாரு, 2019-ல குற்றத்த ஒத்துக்கிட்டாரு, ஜட்ஜ் இனி ஜெயில் வேணாம்னு விட்டாரு. ரெண்டு வேலைக்கும் அதே மூளைதான், அதே படிப்புதான். பசங்க இந்தக் கதையக் கேக்குறப்ப மட்டும் போன எடுத்துப் பாக்காம கேக்குறானுங்க.

எல்லா ஹேக்கிங்கையும் ஒரே கூடையில போடக்கூடாதுன்னும் சொல்லணும். 2014-ல புது போன் கம்பெனிங்க வந்து சிம் பர்மாப் பணம் 1,500 சாட்டுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு சிம்மு லட்சக்கணக்குல. திடீர்னு எல்லார் கையிலயும் போனு. ஆனா அப்ப வந்த போன்ல பர்மா எழுத்து சரியா வராது, பழைய ஆண்ட்ராய்டுல தமிழும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். கடைக்காரங்க போன ரூட் பண்ணி, அதாவது கம்பெனி போட்ட பூட்டத் தெறந்து, உள்ள இருக்க எழுத்துருவ மாத்தி சாவ்ஜின்னு ஒரு பர்மா பாண்டப் போட்டாங்க. கம்பெனி அனுமதி இல்லாம செஞ்சதுதான், ஆனா போனு வாங்குனவனோடது, அவன் கேட்டுத்தான் செஞ்சாங்க, தாய்மொழியில பேர் எழுதத்தான் செஞ்சாங்க. இதுல எனக்குத் தப்பே தெரியல. 2019 அக்டோபர் 1-ல நாடே யூனிகோடுங்கற உலகப் பொது எழுத்து முறைக்கு மாறுன பிறகு அதுக்குத் தேவையும் இல்லாமப் போச்சு.

அதே கடைகள்ல நடந்த இன்னொன்னு எனக்குப் பிடிக்காது. பேஸ்புக் அக்கவுண்ட கடைக்காரனே தன் மெயில்ல தொடங்கி, பாஸ்வேர்டும் தானே வச்சுக்கிட்டு, போனக் கையில குடுத்துடுவான். வாங்குனவங்க வயசானவங்க, பேஸ்புக்தான் இன்டர்நெட்டுன்னு நெனச்சவங்க. பின்னால போன் தொலைஞ்சா அக்கவுண்ட் அவங்களோடதுன்னு நிரூபிக்கவே முடியாது. நம்ம பாட்டி ஒருத்தங்க, இந்தியாவுல இருக்க தங்கச்சியோட பேசுறதுக்கு அந்த ஒரு வழிதான், அது போயி ரொம்ப நாள் அழுதாங்க. உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா இன்னிக்கே பாருங்க, அக்கவுண்ட் அவங்க நம்பர்லதான் இருக்கா, செட்டிங்ல தெரியாத மெயில் ஏதாவது இருக்கான்னு. எங்கிட்ட வர்றவங்ககிட்ட பாஸ்வேர்ட நான் கேக்குறதில்ல, அவங்களே அடிக்கணும், நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். எழுதப் படிக்கத் தெரியாதவங்களா இருந்தா கூட வந்த பிள்ளைங்கள அடிக்கச் சொல்லுவேன்.

ஒருநாள் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வந்தாங்க, கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து. "தம்பி, உங்க மாமா மெசஞ்சர்ல யாரோடயோ பேசிக்கிட்டே இருக்காரு, அத எனக்குத் தெரியுற மாதிரி பண்ணிக் குடுய்யா, எவ்வளவுன்னாலும் தர்றேன்"னாங்க. "அக்கா, அது அவரு போனு, அவருக்குத் தெரியாம நான் தொட மாட்டேன், நாளைக்கு அவரு வந்து உங்க போனக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்"னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் "நீ சொல்றதும் சரிதான்"னு எந்திரிச்சுப் போனாங்க. அதுக்கப்புறம் அவங்க வீட்டு லேப்டாப்பு, மக போனு எல்லாம் எங்கிட்டதான் வருது. வேவு பாக்குற ஆப்புங்க இருக்கு, போட ரொம்ப நேரமும் ஆகாது, அதனாலதான் சொல்றேன், இந்த வேலைய ஒருதடவ செஞ்சுட்டா அப்புறம் எந்தப் பொம்பளப்புள்ளயும் நம்பி நம்மகிட்ட போனக் குடுக்கக்கூடாது. ஹாங்காங்ல ஒரு நடிகர் ரிப்பேருக்குக் குடுத்த கம்ப்யூட்டர்லேருந்து கடை டெக்னீசியன் படங்கள எடுத்து, 2008-ல அது ஊரெல்லாம் பரவி, எத்தனையோ பேர் வாழ்க்கை நாசமாச்சு, எடுத்தவனுக்கு ஜெயில். ரிப்பேர் கடையில வேலை பாக்குற ஒவ்வொருத்தரும் இத தெரிஞ்சு வச்சுக்கணும், கஸ்டமர் போட்டோ போல்டரத் தெறக்கவே கூடாது, டெஸ்ட்டுக்கு நம்ம சொந்தப் படம் வச்சுக்கணும்.

சரி, கிராக் வேணாம்னா வேற என்ன வழி. அச்சகத்துல நாங்க மாத்துனத சொல்றேன், சும்மா ஆயிடல, தம்பி மொதல்ல ரொம்ப மொனகுனான். படம் வரையறதுக்கு இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு கிம்ப், பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், கணக்கு வழக்குக்கு லிப்ரெ ஆபீஸ். இங்க்ஸ்கேப்ல யூனிகோட் தமிழ் அழகா உக்காரும், கொம்பு தள்ளி நிக்காது, பர்மா எழுத்தும் அடுக்கு குலையாது. ஸ்கிரைபஸ் பழைய 1.4-ல நம்ம எழுத்து ஒடஞ்சு வரும், 1.6 போட்டா சரியா வரும். பிரிண்டுக்கு சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையோட நாலு கலர் முறை, வேணும்னா இங்க்ஸ்கேப்பிலேருந்து நேரா அனுப்பாதீங்க, அது திரைக்கான ஆர்ஜிபி கலர் முறை, ஸ்கிரைபஸ் வழியா பிடிஎஃப் எடுங்க, இல்லன்னா திருவிழா நோட்டீசுல குங்கும சிவப்பு செங்கல் கலர்ல வரும். பழைய கோரல் டிரா டிசைன் பைலுங்க சிலது லிப்ரெ ஆபீஸ் டிராவுல தெறக்கும், எல்லாம் தெறக்காது. பாண்டும் அதே விஷயம்தான், ஒரு தமிழ் பாண்ட் வரையறவன் நூத்துக்கணக்குல எழுத்த ஒவ்வொன்னா வளைச்சு வரையணும், அதக் காப்பி அடிக்காம நோட்டோ தமிழ், கேட்டமரான், முக்த மலர்னு இலவசமாவே குடுத்திருக்கத எடுங்க, பர்மாவுக்கு படவுக் இருக்கு.

ஒரே ஒரு மிஷின் மட்டும் மாத்த முடியல, ஸ்டிக்கர் வெட்டுற பிளாட்டர், அதுக்கு விண்டோஸ்தான் வேணும், அதுக்கு மட்டும் அண்ணன் ஒழுங்கா லைசென்ஸ் வாங்கிட்டாரு. பேஸ்புக்ல சில்லறை விலைக்கு "ஒரிஜினல் கீ"ன்னு விக்கிறத வாங்காதீங்க, அதுல நெறைய கம்பெனிங்களுக்குக் குடுத்த மொத்தக் கீயப் பிச்சு விக்கிறது, ஆக்டிவேட் ஆகும், ஆனா லைசென்ஸ் உங்களோடது ஆகாது. பேக்கப் டிஸ்க் ரெண்டு, ஒன்னு கடையில ஒன்னு வீட்டுல, வேலை முடிஞ்சதும் கழட்டிடணும், கரண்ட் போயிப் போயி வர்ற ஊர்ல மாட்டியே வச்சா டிஸ்க்கும் போகும்.

விண்டோசுக்குப் பதிலாப் போடுற லினக்ஸ் மின்ட், லிப்ரெ ஆபீஸ், இங்க்ஸ்கேப், மேல சொன்ன பாண்டுங்க எல்லாம் ஒரு டிஸ்க்குல எடுத்து கடையில வச்சிருக்கேன். நெட் மெதுவா இருக்கவங்க பென்டிரைவ் கொண்டுட்டு வாங்க, காப்பி பண்ணித் தர்றேன், காசு வேணாம். இதையெல்லாம் காப்பி எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்னு எழுதுனவங்களே சொல்லியிருக்காங்க.